வேல்விழி தூங்கும் நேரம்

ஜனவரி 21, செவ்வாய்

காலை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள் வேல்விழி. நைட் ஷிப்ட். நான் சுட்ட தோசையை நின்றபடியே தின்றுவிட்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டாள். நிலாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு நான் மாடியேறி வருவதற்குள் நல்ல தூக்கம்.

ஜன்னல் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறேன், அவளுக்குப் பகல் வெளிச்சம் படாமல் இருக்க. ஒரு மூலை மட்டும் கிழிந்திருக்கிறது. அது வழியாக வரும் வெயில் பத்து மணிவாக்கில் அவள் கன்னத்துக்கு வந்துசேரும். இன்றும் வந்தது. படம் எடுத்தேன். அந்த மூலையை ஒட்டச் சொல்லி அவளும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஒட்டிவிட்டால் படம் ஏது?

கல்யாணப் படம் சோற்றுக்கு. இது எனக்கு. இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ராத்திரியெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பஸ் கண்ணாடியில் தலை சாய்த்த பையன்கள், ஹாஸ்டல் அறையில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் கிடப்பவர்கள். எல்லோரையும்விட அதிகம் எடுத்தது வீட்டுக்காரியைத்தான். வெளியே அலைய வேண்டாமே.

ஜனவரி 24, வெள்ளி

ஆல்பம் திரும்பி வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு படத்திலும் இல்லையாம். இருக்கிறார் — எல்லாவற்றிலும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். நான் என்ன செய்ய?

பிப்ரவரி 1, சனி

நிலாவின் பள்ளி ஆண்டு விழா. பாதி நடனத்தில் மேடையிலிருந்து எங்களைத் தேடிக் கையாட்டியது. வேல்விழி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். திரும்பும்போது தண்டலம் கூட்டுரோட்டில் நின்று, எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்களேன் என்றாள். உச்சி வெயில், மூஞ்சியெல்லாம் நிழல் விழும். சாயங்காலம் எடுக்கலாம் என்றேன். சாயங்காலம் அவள் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சென்னையில் பிரசன்னாவைப் பார்த்தேன். சின்ன ஆர்ட் கேலரி வைத்திருக்கிறான், கறாரான ஆள். படங்களை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான். மார்ச்சில் கண்காட்சி வைக்கலாம் என்றான். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

வேல்விழி படத்தைக் கையில் எடுத்து, இது யாரு என்றான். மனைவி என்றேன். அவங்களுக்குச் சம்மதம்தானே என்றான். 'உம்' என்றேன்.

பஸ்ஸில் தூங்கிய பையன்களிடம் அவர்கள் எழுந்ததும் படத்தைக் காட்டி, சரியா தம்பி என்று கேட்டுத்தான் வைத்துக்கொண்டேன். ஒருத்தன் வேண்டாம் என்றான், அழித்துவிட்டேன். இவளிடம் போய் என்ன கேட்பது? என் பெண்டாட்டி.

பிப்ரவரி 12, புதன்

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். என் படமும் இருக்கா என்றாள். ஒன்றிரண்டு என்றேன். எது என்று அவள் கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்தது, நான் எழுந்து போய்விட்டேன்.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நிலா கைக்குழந்தையாக இருந்தபோது அது தூங்குவதைப் படமெடுத்தேன். வேல்விழியின் அம்மா, உலகம்மாள் அத்தை, என் கையைத் தட்டிவிட்டார். கண்ண மூடுன மொகத்த எழவு வீட்டுலதான் பிடிப்பாவ, என்றார். நான் சிரித்தேன். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போய் எடுத்துக் கொடுக்கிற ஆள்தானே நான், எனக்குத் தெரியாதா? ஆனால் வேல்விழி அன்று சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

போஸ்டர் வந்துவிட்டது! ஜனவரியில் எடுத்த அதே படம், கறுப்பு வெள்ளையில். தலைப்பு, இடம் எல்லாம் இங்கிலீஷ். அவள் பேரையாவது தமிழில் போடு என்று நான்தான் பிரசன்னாவிடம் அடம்பிடித்தேன். படத்துக்கு அடியில் 'வேல்விழி' என்று பெரிதாக இருக்கிறது. அதற்கும் கீழே கண்காட்சி தொடங்கும் தேதி, முடியும் தேதி.

ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படமே பேசும். நாளை காலை அவள் வந்ததும் நேரில் காட்டுகிறேன், ஆச்சரியப்படட்டும்.

நிலாவைக் கீழ்வீட்டு ரத்னா அக்காவிடம் விட்டுவிட்டு சுங்குவார்சத்திரம் மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். இன்று ரிசப்ஷன், நாளை அதிகாலை முகூர்த்தம்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுதினால் அடங்குமா தெரியல.

ஸ்டேட்டஸை ஊரில் இசக்கியப்பன் பார்த்திருக்கிறான். வேல்விழியின் சித்தப்பா மகன், சங்கரன்கோவில் பக்கம். அக்கா முகம், கண் மூடியிருக்கிறது. பேர். பேருக்குக் கீழே இரண்டு தேதி. வைத்தது புருஷன். எந்தத் தேதி என்று நின்று படிக்க அந்த நேரத்தில் யாருக்கு நிதானம் இருக்கும்? அத்தை வீட்டுக்கு ஓடிவிட்டான்.

இவளுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். இவள் போன் கம்பெனி கேட்டில் — உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள். எனக்கு அடித்திருக்கிறார்கள். என்னுடையது கேமரா பையில், சத்தத்தை அடக்கி. இரண்டு பேரும் எடுக்கவில்லை என்றதும் இருந்த சந்தேகமும் போய்விட்டது. தெருவே கூடிவிட்டதாம். என் பெண்டாட்டிக்கு ஒப்பாரி வைத்திருக்கிறார்கள். லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு. உடம்பை எடுத்துவர வேன் பேசி ஆட்களும் புறப்பட்டுவிட்டார்கள்.

காலையில் ஷிப்ட் முடிந்து போனை வாங்கியவள் அம்மாவைக் கூப்பிட்டு 'எம்மா' என்றாளாம். அந்தப் பக்கம் போன் விழுந்திருக்கிறது. வேறு யாரோ எடுத்து, யாரு பேசுறது என்று அதட்டியிருக்கிறார்கள். நான்தான் வேல்விழி, நான்தான் வேல்விழி என்று பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கிறாள். கூட வந்த பெண்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டு, ரத்னா அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் மண்டபத்திலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் திட்டவில்லை. போனில் போஸ்டரைக் காட்டி, "இத எப்ப எடுத்தீய?" என்றாள்.

ஜனவரியில் என்றேன்.

"நான் தூங்கும்போதா?"

வேறெப்போது.

வேனில் புறப்பட்டவர்களுக்கு விஷயம் தெரிந்தும் அவர்கள் திரும்பவில்லை. கண்ணால் பார்க்காமல் போக மாட்டோம் என்று வந்தேவிட்டார்கள். இசக்கியப்பன் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். அத்தை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம், மகளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தச் சொல்கிறாராம். பிணத்துக்குப் பேசின வேனில் என் மனைவி உயிரோடு ஏறிப் போனாள். என்னிடம், நிலாவுக்கு சாயங்காலம் பால் குடுங்க என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

செத்துட்டாங்கன்னு பொய்ச்சேதி வந்தா ஆயுசு கெட்டி என்றார் ரத்னா அக்கா. எனக்கு அது பெரிய ஆறுதலாகப் போயிற்று. உடனே வேல்விழிக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். எனக்கு மூளை இருக்கிறதா?

"அத எங்கம்மா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜன்னல் மூலையை ஒட்டினேன். படுக்கத்தான் ஆளில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

நேற்றே ஊரிலிருந்து வந்து நேராக ஷிப்டுக்குப் போய்விட்டாளாம். காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பஸ் வந்தது, போனது. அவள் இல்லை.

பிறகு தங்கமாரி போன் செய்தாள். வேல்விழியின் ஊர்ப்பெண், அதே கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். அண்ணே, அக்கா இங்கதான் படுத்திருக்கா, சாயந்தரம் பாப்பாவப் பாக்க வருவா, என்றாள். ஏன் அங்கே என்றேன். சொன்னாள். அத்தைக்கு இப்போது மகள் கண்ணை மூடினாலே பயமாம். இன்று காலையிலிருந்து வீடியோ காலில் வந்து வந்து, முழி, கண்ணத் தொற என்கிறாராம். தங்கமாரிக்கு இப்போது மத்தியான ஷிப்ட், காலையில் விழித்திருப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் அந்த அழைப்பை எடுக்கிறாள். அக்காவுக்கு மூச்சு வருது அத்தே, நல்லா வருது என்று சொல்லி வைக்கிறாள்.

அதை நான் செய்ய மாட்டேனா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என்னை எப்படி நம்புவார்கள்?

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் வந்தாள். துணி துவைத்தாள், நிலாவுக்குத் தலை பின்னினாள், நாளைக்கு மாவு அரைத்து வைத்தாள். வேலைக்கு வந்தவள் மாதிரி. படுக்கையறைப் பக்கம் போகவில்லை.

அவங்க தப்பா புரிஞ்சிக்கினாங்க, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன் என்று ஆரம்பித்தேன். மாவுக் கையோடு அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு மாலை போட எம் படம் ஒண்ணு தேடியிருக்காவ. வீடெல்லாம் தேடியும் கண்ணு முழிச்சு நான் தனியா இருக்க படம் ஒண்ணும் கிடைக்கல. போட்டோக்காரன் பொண்டாட்டிக்கு ஒரு படம் இல்லையான்னு ஊரே கேட்டிருக்கு. கடைசில நம்ம கல்யாணப் படத்துல உங்கள மடிச்சிட்டு என்னைய மட்டும் வச்சிருக்காவ."

கையைக் கழுவிக்கொண்டாள்.

"அந்த ஒரு நேரந்தாங்க எனக்கு. கண்ண மூடுனா அப்பாடான்னு இருக்கும். அதுலயும் யாரோ பாத்துக்கிட்டே இருந்திருக்காவ."

யாரோ என்றாள்.

அவள் போன பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஊரார் வீட்டு மணப்பெண்கள் மலைபோலக் குவிந்து கிடக்கிறார்கள். நிலா இருக்கிறாள். வேல்விழி கண் திறந்து எங்காவது இருப்பாள் என்று தேடினேன். நிலாவின் பிறந்தநாள் படம் ஒன்றில் பாதி தோள் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

அவள் படங்களை எடுத்துவிடச் சொல்லி பிரசன்னாவிடம் பேசினேன். பிரிண்ட் போட்டாச்சு, அதுங்கதான் முக்கியமே, அது இல்லன்னா மத்தது நிக்காது என்றான். நிற்காவிட்டால் போகட்டும் என்றேன். அன்றைக்குச் சம்மதம் என்றாயே என்றான். பொய் என்றேன். கண்காட்சியையே நிறுத்திவிட்டான். இனி அவன் என்னைக் கூப்பிட மாட்டான்.

எரிச்சலாகத்தான் இருக்கிறது. நல்லவனாகிவிட்டேன் என்று நிம்மதி வரும் என நினைத்தேன். ஒரு மண்ணும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று கண்காட்சி தொடங்கியிருக்க வேண்டிய நாள். பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 11, செவ்வாய்

அவள் தூங்கும் படம் எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே அழித்தேன். பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேலாவது இங்க வந்து படு என்றேன். அழிச்சா தூக்கம் வந்துருமா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருக்கிறது. லைனில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாகத் தங்கமாரி சொன்னாள். ஹாஸ்டலிலும் சரியாகத் தூங்குவதில்லையாம்.

மார்ச் 17, திங்கள்

பயமாக இருக்கிறது. இப்படியே அது பழகிவிடுமோ? அவள் தூங்க ஓர் இடம், சமைக்க ஓர் இடம் என்று?

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் வந்தாள். சாப்பிட்டுவிட்டு நிலாவோடு பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிலா வந்து என் சட்டையை இழுத்து, அப்பா, அம்மா தூங்கிட்டாங்க என்று கிசுகிசுத்தது.

உட்கார்ந்தபடியே சரிந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. டிவியை நிறுத்தவில்லை, சத்தம் நின்றால் எழுந்துவிடுவாளோ என்று. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

அவள் பக்கத்தில் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. அத்தை, வீடியோ கால். எடுத்துக்கொண்டு, நிலாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போனை எடுத்தேன். அன்றைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இளைத்துப்போயிருந்தார்.

"அவ எங்க?"

தூங்குறா அத்தை என்றேன்.

"காட்டுங்க."

கதவு என் முதுகுக்குப் பின்னால்தான். திறந்து போனை நீட்டினால் போதும், அந்த அம்மா மனசு ஆறும். கெஞ்சினார். ஒரு தடவ காட்டுங்க மருமவனே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும் என்றார்.

"காட்ட மாட்டேன் அத்தை. அவளக் கேக்காம காட்ட மாட்டேன். எழுந்ததும் அவளே பேசுவா. அதுவரைக்கும் நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன், நீங்களும் போன வைக்காம இருங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், சரி, தூங்கட்டும் என்றார்.

அத்தையும் நானும் நிலாவும் சாயங்காலம்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஏன் வெளிய குந்திக்கினு கீற என்று கீழேயிருந்து ரத்னா அக்கா கேட்டார். மெதுவாப் பேசுங்கக்கா என்றேன்.