ஆறு அழைப்புமணிகள்

ஏதென்ஸ், வியாழன்

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

செவ்வாய் மத்தியானம் வீட்டுக்காரனின் ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். கீழ்வாசல் அழைப்புமணிகளில் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தார்கள். "மூணாவது மாடிடா, பாகிஸ்தான்காரன்!" என்று கத்தியபடி ஏறிப்போய் தில்தாரின் கதவைப் பிளந்தார்கள். அந்த வீடு இனி சுற்றுலாக்காரர்களுக்காம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தாடையை உடைத்தார்கள். நான் அடுப்பில் கொதித்த காப்பியைக் கொண்டுபோய் ஒருவன் மூஞ்சியில் ஊற்றினேன். அவன் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான்.

"என் தம்பி நகரசபையில இருக்கான்டா!" என்று அலறினேன்.

"அவருக்குத் தெரியாமலா வந்தோம், கிழவி?" என்று சிரித்தான்.

அது பொய் என்று கட்டடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீ எனக்கு எந்த விளக்கமும் எழுத வேண்டாம். வாடகைக்கு இருப்பவர்களையும் பிழைக்க வந்தவர்களையும் காக்கும் தீர்மானம் நாளை சபைக்கு வரும்போது கையைத் தூக்கு, போதும்.

ஆறு மணிகளிலும் இருந்த பெயர்களைக் கிழித்துவிட்டேன். ஆறிலும் நம் குடும்பப் பெயரை ஒட்டியிருக்கிறேன், உன் தேர்தல் சுவரொட்டிகளிலிருந்து வெட்டியெடுத்து. இனி யார் கதவை உடைக்க வந்தாலும், அவர்கள் உன் பெயரைத்தான் அழுத்த வேண்டும்.

இடது கையால் எழுதும்
உன் அக்கா