திருப்பித் தராத துப்பாக்கிகள்

ஹெலனா நகரம், பிப்ரவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலியும் சினைப் பசுக்களும் எப்படி இருக்கின்றன?

மனம் கலங்கி ஆபத்தான நிலையில் இருப்பவரின் துப்பாக்கியை நீதிமன்றம் கொஞ்ச நாள் வாங்கி வைக்கலாம் என்றொரு மசோதா, நான் குறிப்பெடுக்கும் சட்டமன்றக் குழுவுக்கு நேற்று வந்தது. அதை எதிர்த்துப் பேச நம் பக்கத்துப் பண்ணை ஆர்வில் மாமா வந்திருந்தார். சர்ச்சுக்குக்கூடக் கட்டாத டை கட்டியிருந்தார்.

“ஒருத்தன் துப்பாக்கிமேல அரசாங்கம் கைவைக்கக் கூடாது!” என்று மேசையைத் தட்டினார்.

“அப்போ பக்கத்து வீட்டுக்காரர் மனசு ஒடைஞ்சு கிடந்தா என்ன பண்ணுவீங்க?” என்று குழுத் தலைவி கேட்டார்.

“அதுக்கு எதுக்கும்மா கோர்ட்டு? போய் இரவல் கேப்பேன். பொண்டாட்டி செத்து ஒருத்தன் ஒடைஞ்சு கிடந்தப்போ, அவன்கிட்ட இருந்த நாலு துப்பாக்கியையும் அப்படித்தான் வாங்கினேன். மான் வேட்டைக்குன்னு புளுகினேன்.”

“திருப்பிக் குடுத்தீங்களா?”

“இன்னும் இல்ல. என்னைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். திட்டுற அளவுக்குத் தேறிட்டானே, அது போதும்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அந்த ஆளின் பெயரை அவர் சொல்லவில்லை, அப்பா. ஆனால் உங்கள் கடிதங்களில் நீங்கள் ‘திருடன்’ என்று திட்டுவது யாரை என்று எனக்குத் தெரியுமே!

அவரைத் தொடர்ந்து திட்டுங்கள். துப்பாக்கிகளை மட்டும் நான் வந்த பிறகு கேட்கலாம். அம்மாவின் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். இந்த அறை மிகவும் குளிர்கிறது. கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன். நீங்கள் எடுக்காவிட்டால் ஆர்வில் மாமாவைத்தான் அனுப்புவேன்.

உங்கள் மகள்,
மேரிட்