மாமாவின் வேட்டி மிதந்த பாட்டு

மச்சாள்,

இன்று பின்னேரம் பேரப்பிள்ளைகள் முல்லைத்தீவுக் கடலில் குளித்துவிட்டு வந்து, நனைந்த உடுப்புகளைக் கொடியில் போட்டார்கள். முற்றமெல்லாம் உப்பு வாசம். உடனே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். ஒட்டுசுட்டானில் நெல்லு வெட்டிச் சூடடித்து முடிந்த கையோடு ஊர்ச்சனம் ஒரு பஸ் பிடித்துக் கடல் பார்க்கப் போனோம். வயலோடும் யானையோடும் மல்லுக்கட்டிய எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். கரையில் வைத்த சோற்றுப் பொதியை ஓர் அலை கொண்டுபோனது. அடுத்த அலை மாமாவின், அதுதான் உங்கள் அப்பாவின், வேட்டியை உருவிக்கொண்டது. எல்லாரும் பதற, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே பாட்டுக் கட்டிவிட்டீர்கள்.

"ஒட்டுசுட்டான் பஸ்ஸில் ஏறிக் கடலைப் பாக்கப் போனம்,
கட்டிவைச்ச சோத்துப் பொதியை அலைக்குக் குடுத்து வந்தம்;
மாமா வேட்டி மிதக்குது, மீனெல்லாம் சிரிக்குது!"

எங்கள் பாட்டுக்குழுவில் உங்கள் கணவர், என் அண்ணா, ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார். நான் டோல்கி தட்டுவேன். கலியாண வீடுகளில் அண்ணா அந்தப் பாட்டைப் பாட, நீங்கள் பெண்கள் பக்கம் இருந்து வாய்க்குள் முணுமுணுப்பீர்கள். அதைக் கட்டியது யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு ஒருமுறை, தண்ணீரூற்று ஊர்த் திருவிழா மேடையில், முதல் பாட்டிலேயே அண்ணாவின் தொண்டை அடைத்துக்கொண்டது. சனம் கூவத் தொடங்கியது. "இறங்குங்கோடா!" என்று சத்தம். இனி ஒருவரும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள் என்று நான் தலை குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறி வந்தீர்கள்.

"பொம்பிளையள் இஞ்ச ஏறுறேல்லை, பிள்ளை," என்று விழாத் தலைவர் மறித்தார்.

"இது என்ர பாட்டு ஐயா. நான்தான் கட்டினனான். நானே பாடுறன்," என்றுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "தம்பி, தட்டும்."

அண்ணா ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார்.

முதல் வரியில் கூவல் அடங்கியது. வேட்டி மிதந்ததும் சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் இருந்த மாமா எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார்! பெண்கள் பக்கம் முழுவதும் கைதட்டிப் பாடியது. மறித்த தலைவரே, "இன்னொருக்காப் பாடு பிள்ளை!" என்று கத்தினார்.

அடுத்த போகத்துக்குள் பாட்டு வவுனியா பஸ் நிலையம் வரை போய்விட்டது. கொண்டக்டர்மார் அதைச் சீட்டியடித்தபடி டிக்கட் கிழித்தார்கள். எங்களை அழைக்க வந்தவர்கள், "அக்கா வருவாதானே?" என்று கேட்ட பிறகே நாள் குறித்தார்கள்.

அன்று மேடையால் இறங்கும்போது, "பயமாயிருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இருந்தது. அதோடதான் பாடினனான்," என்றீர்கள்.

இந்த வயதிலும் டோல்கியில் கை வைக்குமுன் எனக்குப் பயம் வரும், மச்சாள். அதோடுதான் தட்டுகிறேன்.