மெரூன் ஹூடியும் பாதி தூக்கிய கையும்

இன்று காலை உன் அம்மா குரோய்டனிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. "பிள்ளை, இது உன்ர தானே. தோய்ச்சுப் போட்டன்," என்றார். தேத்தண்ணி வேண்டாமென்று நின்ற நிலையிலேயே திரும்பிவிட்டார். பைக்குள் அந்த மெரூன் ஹூடி. முகத்தருகே கொண்டுபோனேன். உங்கள் வீட்டுச் சவர்க்கார வாசம்தான் இருந்தது, நீ இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு இதைத் தோய்த்தார்?

இந்த ஹூடி உனக்குப் பன்னிரண்டு வருடம் பிந்தித்தான் கிடைத்தது. அதற்குக் காரணம் நான். இதை உன்னிடம் ஒருநாளும் நேரே சொன்னதில்லை.

நாங்கள் லண்டனில் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். உங்கள் குடும்பத்து விசா முடிவாகாமல் இழுபட்டதால் நீ ஒரு வருடம் பிந்தியே பல்கலைக்கழகம் வந்தாய். அதற்குள் நான் தமிழ் மாணவர் சங்கத்திலும், அதற்குள்ளேயே இருந்த பெண்களின் குழுவிலும் சேர்ந்து, பெரிய ஆள் மாதிரித் திரிந்துகொண்டிருந்தேன். 'சகோதரிகள்' என்று எங்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். எட்டுப் பேர். புதிதாக வரும் ஒவ்வொருத்தியையும் ஒரு அக்கா பொறுப்பெடுப்பாள். சேர்த்துக்கொண்ட அன்று அக்கா தன் குழு ஹூடியைக், அந்த மெரூன் நிறத்ததைக், கழற்றித் தங்கச்சிக்குப் போட்டுவிடுவாள். அதோடு வளாகம் முழுக்க ஒருதரம் நடந்துவர வேண்டும். உனக்கு அக்காவாக நானே பெயர் கொடுத்திருந்தேன். "உனக்கு மூண்டு மாசம் மூத்தவள் நான். நீ எனக்கு அக்காவோ?" என்று சிரித்தாய்.

ஆனால் அதற்கு முதல் எட்டுப் பேருக்கும் முன்னால் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிடித்த படம், பிடித்த சாப்பாடு என்று விளையாட்டாகத் தொடங்கி, கடைசியில் அந்தக் கேள்வி வரும். "ஊரில எவடம்?" ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயிலைச் சொன்னால் எந்தப் பக்கத்து வீதி என்பார்கள். வீதியைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருத்தியும் வாயால் சொல்லமாட்டாள். லண்டனில் பிறந்து, ஊரையே காணாத பிள்ளைகள்தான் இதைக் கேட்டோம். நானும் கேட்டிருக்கிறேன்.

உன் அப்பாவின் ஊரைச் சொன்னால் அவர்களுடைய முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் முந்தின நாளே கன்டீனில் வைத்து, "என்ர அம்மாவின்ர ஊரைச் சொல்லு, ஒருத்தரும் கிண்டமாட்டினம்," என்றேன். நீ கோப்பையைத் தள்ளி வைத்தாய். "என்னத்துக்கு நான் பொய் சொல்லவேணும்?" என்று கேட்டாய். "எனக்காக," என்றேன். அதற்கு மேல் நீ மறுக்கவில்லை.

அடுத்த நாள் நான் சொல்லித் தந்ததையே சொன்னாய். தலைவியாக இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கட அம்மம்மாவும் அங்கதான்! நீங்கள் கோயிலுக்கு எந்தப் பக்கம்?" நீ ஒருதரம் என்னைப் பார்த்தாய். நான் மேசையைப் பார்த்தேன்.

"அது எங்கட ஊரில்லை. பொய் சொல்லிட்டன்," என்றாய். அப்பாவின் ஊரைச் சொன்னாய். கேட்காமலே கோயிலையும் வீதியையும் சொன்னாய். சொல்லித் தந்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். "ஊர் எதெண்டாலும் எங்களுக்குப் பரவாயில்லை. ஆனா பொய் சொன்ன ஆளை எப்பிடி எடுக்கிறது?" என்றாள் தலைவி. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்தக் காரணத்தை அவர்கள் கையில் கொடுத்தது நான்தான். வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னாள். ஏழு கைகள் எழும்பின. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தூக்கினேன்.

அந்த அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. நீ கண்டாயோ இல்லையோ என்ற பயத்துடனேயே பன்னிரண்டு வருடம் உன்னோடு பழகினேன். என் கலியாணத்தில் நீதான் தோழி. உன்னோடு சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்குக் கேட்கப்போகிறாள் என்று நினைப்பேன். நீ கேட்கவேயில்லை. நான் அந்த ஹூடியை அதற்குப் பிறகு போடவுமில்லை, எறியவுமில்லை.

நீ நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு எந்நேரமும் குளிர். என்ன கொண்டுவர என்று கேட்டேன். "அந்த மெரூன் ஹூடி இருக்கோ?" என்றாய். அடுத்த நாள் கொண்டுவந்து, குழாய்கள் இழுபடாமல் மெல்லப் போட்டுவிட்டேன். "இப்ப நான் சேர்ந்திட்டன், என்ன?" என்றாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "நீ கை தூக்கினதைக் கண்டனான். பாதிதான் தூக்கினனீ," என்றாய். நான் அழுதேன். "சும்மா இரடி, நர்ஸ் பாக்கிறா," என்று அதட்டினாய்.

நீ போன அன்று, அந்த எட்டுப் பேரின் வாட்ஸ்அப் குழுவில் பூவும் கும்பிட்ட கைகளுமாக வந்து விழுந்தன. தலைவி எழுதியிருந்தாள்: 'நல்ல பிள்ளை. அண்டைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாட்டி எங்களில ஒராளா இருந்திருப்பாள்.' ஐந்து பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். பத்து நாளாக அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று உன் அம்மா போனபிறகு எழுதினேன். 'அந்தப் பொய் என்னுடையது. நான்தான் அவளுக்குச் சொல்லித் தந்தேன். அவளுடைய ஊர் தெரிந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் தெரியும்.' அனுப்பிவிட்டேன்.

ஏழு பேரும் வாசித்துவிட்டார்கள். ஒருத்தி குழுவைவிட்டுப் போய்விட்டாள். நான் ஹூடியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்தமுறை கையை முழுசாகத்தான் தூக்கியிருக்கிறேன், எடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீதான் இல்லை.