பத்து நாளாகப் போட்ட ஆறு வார்த்தைகள்

ஜெயங்கொண்டம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சரத்குமாருக்கு உன் அம்மா வேணி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், பூலாம்பாடியில் உன் தங்கச்சி நந்தினி வீட்டாரும் ஏதோ இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கால்கரியில் எத்தனை பனி கொட்டினாலும் காலையில் எழுந்ததும் அந்த ஐந்தெழுத்து விளையாட்டை முடித்துப் பச்சைக் கட்டங்களைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறாய், இங்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது வந்து விழுகிறது, அதிலேயே நீ திடமாக இருப்பது தெரிகிறது. போனை விட்டுவிட்டு இவள் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எழுதினதுக்கு நீ செய்த மரியாதை போதும்.

அந்த விளையாட்டை என் போனில் ஏற்றிவிட்டதே நீதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்துவிட்டுக் கிளம்பும்போது, தினம் பேச முடியாதும்மா, இதுல ஆடு, நீ போடற வார்த்தைய நான் பாப்பேன், நான் போடறத நீ பாப்ப, பேசுன மாதிரிதான் என்று சொன்னாய். மறைந்திருக்கிற ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அதற்கு ஐந்தே எழுத்து, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு, சரியான இடத்தில் விழுந்த எழுத்து பச்சை, இடம் மாறி விழுந்தது மஞ்சள், ஆடி முடித்ததும் போட்ட வார்த்தைகளோடு கட்டம் குழுவில் போய் விழும், அவ்வளவுதானே. நான் பிளஸ் டூ படித்தவள், டைப்பிங் லோயர் பாஸ் செய்து இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரப் பதிவு ஆபீஸ் எதிரில் டைப் அடித்துக்கொண்டிருப்பவள். உன்னைப் பெறுவதற்கு முந்தின நாள் வரைக்கும் அடித்தேன். ஐந்தெழுத்து எனக்குப் பெரிய மலை இல்லை. ஆனாலும் உனக்குச் சமமாக ஆட வேண்டும் என்று ஒரு நோட்டுப் போட்டேன். கியூ வருகிற ஐந்தெழுத்து வார்த்தை ஒரு பக்கம், ஒரே எழுத்து இரண்டு தடவை வருவது ஒரு பக்கம், ஒய்யில் முடிவது ஒரு பக்கம் என்று வேலை இல்லாத நேரத்தில் எழுதி வைத்தேன். பத்திரம் எழுதுகிற வைத்திலிங்கம் அண்ணன் பார்த்துவிட்டு, எந்தப் பரீட்சைக்கும்மா படிக்கிற, இந்த வயசுல வேலை குடுப்பானா என்று கேட்டார். எம் பையனோட பேசறதுக்குண்ணே என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதத்தில் உனக்கு நாலு வாய்ப்பு என்றால் எனக்கு மூன்று, அதற்கு நீ ஒரு கைதட்டல் படம்கூட அனுப்பினது கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நந்தினியின் பையன் பரணிதரனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. நீ வந்திருந்தபோது கைக்குழந்தை, பிறந்த முடி இன்னும் இறக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்கிக் காது குத்த வேண்டும், அது உனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்த மாமன் வருவான் வருவான் என்று பிள்ளைக்கு இரண்டு சடை போட்டு வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள், போன சித்திரையில் தலையெல்லாம் வேர்வைக் கட்டி, சீப்புப் பட்டாலே அழுதான். வருகிற ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவன் அப்பத்தா ஜெகதாம்பாள் நந்தினியைப் பார்த்து, ஒங்க அண்ணன் வராம எம் பேரன் சடையோடவே பள்ளிக்கூடம் போவணுமா, தாய்மாமன் இல்லாத வூட்லயா பொண்ணு எடுத்தோம் என்று கேட்கிறது. ஒரு தடவை இல்லை, சோறு போடும்போதெல்லாம் கேட்கிறது. நந்தினி என்னிடம் சொல்லி அழுவதுகூடக் கிடையாது, பிள்ளை என்ன சாப்பிட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

உனக்கு மாப்பிள்ளை ராஜவேல் மேல் கோபம். நீ வந்திருந்தபோது அவர்கள் வீட்டு விருந்தில் பத்துப் பேர் நடுவில், மச்சானுக்கு சம்மணம் போட்டு உக்கார வருமா, இல்ல மேசை போடணுமா என்று கேட்டுவிட்டார். கேலிதான், ஆனால் தப்புதான், நானும் அன்றைக்கே அவரைக் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு நீ இரண்டு வருஷமாகத் தங்கச்சியோடு பேசவில்லை. தை மாதம் தேதி குறிக்கலாமா, லீவு கிடைக்குமா என்று நாற்பது நாளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். மெசேஜ் போட்டால் இரண்டு நீலக் குறி விழுகிறது, அதோடு சரி. மருமகள் சுகன்யாவைக் கேட்டால், அவருகிட்டயே கேளுங்க அத்தை என்கிறாள். ஆனால் அந்தப் பச்சைக் கட்டம் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. சரி, நீ கண் வைத்துப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான் என்று அதிலேயே எழுதினேன்.

முதல் வாய்ப்பில் சைல்டு. இரண்டாவது அங்கிள். மூன்றாவது லீவ். அப்புறம் அப்ளை, ரிப்ளை, கடைசியில் டுடே. பத்து நாள் தொடர்ந்து இதே ஆறையும் இதே வரிசையில் போட்டுப் பத்து நாளும் வேண்டுமென்றே தோற்றேன். அப்ளைக்கும் ரிப்ளைக்கும் கடைசி மூன்று எழுத்து ஒன்றுதான், அந்த மூன்றும் தப்பு என்று தெரிந்த பிறகு மறுபடி அதையே போடுவது மடத்தனம் என்று எனக்குத் தெரியாதா. நோட்டுப் போட்டு ஆடினவள் நான். நீ என்ன செய்தாய். மாமன், சித்தப்பா, சம்பந்தி வீடு எல்லாம் இருக்கிற குழுவில் சிரிக்கிற பொம்மை நாலு போட்டு, அம்மாவுக்கு ஆட்டமே மறந்து போச்சு, பத்து நாளா ஒரே வார்த்தை, ட்யூஷன் வைக்கட்டுமாம்மா என்று எழுதினாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் டைப் அடித்த கையோடு கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, எனக்காக இல்லை, உன்னை வளர்த்ததற்காக.

புரிந்துகொண்ட ஆள் யார் தெரியுமா. ராஜவேல். ஐ.டி.ஐ. படித்துவிட்டு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர், உன்னைப்போல் இங்கிலீஷில் வேலை செய்கிறவர் இல்லை. நந்தினி போனில் அந்த ஆறையும் வரிசையாகப் படித்துவிட்டு அன்றைக்கே எனக்குப் போன் செய்தார். அத்தை, புள்ளைக்கு மாமன் லீவு போட்டு வரணும், இன்னிக்கே பதில் சொல்லுன்னுதான கேக்கறீங்க, மச்சானுக்கு வெளங்கலயா என்றார். ஆமாம் மாப்பிள்ளை என்றேன். எம் மேல உள்ள கோவத்துலதான் வரல, நானே பேசி மன்னிப்பு கேட்டுக்கறேன், நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க என்று சொல்லி உனக்கு இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார். இரண்டு தடவையும் நீ துண்டித்தாய். மூன்றாம் தடவை அவர் போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை.

ஆகவே நாங்களே முடிவு செய்துவிட்டோம். தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் வைத்திருக்கிறோம். அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதால் உன் வசதிக்கு நாள் மாற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. தாய்மாமன் என்கிற இடத்தில் வீரமணி பெயரைப் போட்டுப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. நம் தெருக்கோடி வீரமணிதான், லோடு வண்டி ஓட்டுகிறவன். நந்தினிக்கு வலி எடுத்த அன்றைக்கு முந்திரி மூட்டையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு அவளை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். நமக்குச் சொந்தம் இல்லை. ஊரான் மடியிலயா எம் பேரன் என்று ஜெகதாம்பாள் குதித்தது. ராஜவேல்தான் அதை அடக்கினார்.

நீ இன்னும் அந்தக் குழுவில் தினமும் கட்டம் போடுகிறாய். நான் அந்த விளையாட்டை நேற்றோடு என் போனிலிருந்து அழித்துவிட்டேன், இனிமேல் எனக்கு அனுப்பாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, முந்திரிக் காட்டுக்குப் போய் வருகிறார், உன்னைப் பற்றிக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நீ தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, டீ குடித்த பிறகு போட்டால் வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னதை மறந்துவிடாதே. சுகன்யாவுக்கும் உனக்கும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் சாமியைக் கேட்கிறேன், பெற்றுவிட்டேன், வேறு என்ன செய்ய.

ஒன்றை மட்டும் கடைசியாகச் சொல்லி வைக்கிறேன். வெற்றிலை பாக்கு வைத்து வீரமணியை அழைக்கப் போனபோது அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, கடைசி நேரத்துல சரத் அண்ணன் வந்துட்டா நான் எந்திரிச்சுக்கறேன் பெரியம்மா என்றான். அவன் வந்து நின்னாலும் நீ எந்திரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வேணி.