யாருடைய சகவாசம்

அன்பு நிறைந்த உங்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கிரேன் மேலே வெயில் தாங்கவில்லை என்றீர்களே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம் மைனாவின் புத்தகப் பையில் சிகரெட் இருந்தது என்று சொன்னதும், "எவ சகவாசம்? முதல்ல அதை வெட்டி விடு" என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போகிறேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் இறங்கி வருகிறேன். கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல் படியிலேயே தடுமாறித் திரும்பி வந்தார். முதலாளியே அதை வாங்கி மாற்றிக் கொடுத்தார்.

சகவாசம் என்றால் நெட்டைதான், வேறு யார்? பள்ளி விட்டால் மைனா அந்தச் சிநேகிதி வீட்டிலேயே கிடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சண்டை போடவே கிளம்பிப் போனேன். கதவைத் திறந்தவள் நெட்டை. நான் வாயைத் திறக்குமுன் அவள் கண் கலங்கிவிட்டது. "ஆன்ட்டி, நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். அவ என்னைப் பாக்க வரல. எங்கப்பா பால்கனியில சிகரெட் பிடிப்பாரு, அவர் பக்கத்துல போய் உக்காந்துக்கறா. எனக்கு அந்த நாத்தமே ஆகாது. இவ என்னடான்னா, 'இது எங்க வீட்டு வாசனைடி'ங்கறா. வேணாம்டின்னு எவ்வளவோ சொல்லிட்டேன்."

திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு மைனாவை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போனதிலிருந்து அவள் எரிந்து எரிந்து விழுந்ததையும், தூங்காமல் புரண்டதையும் சொன்னேன். அப்பாவைப் பிரிந்த ஏக்கம் என்றே நினைத்திருந்தேன். "வீட்ல யாரு பிடிப்பாங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். மைனா தலை நிமிராமல், "இப்ப இல்ல" என்றாள்.

நமக்கு இருப்பது ஒரே அறை. மழை வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுவோம். அவள் உங்கள் மேல் சாய்ந்துகொண்டு பாடம் படிப்பாள். அவள் முகத்தில் படக்கூடாதென்று நீங்கள் அண்ணாந்து ஊதுவீர்கள். புகைக்கு மேலென்ன, கீழென்ன. தானாகப் பிடிக்காமலே உடம்பு பழகியிருக்கும், அதனால்தான் முதல் இழுப்பில் இவளுக்கு இருமல்கூட வரவில்லை போலிருக்கிறது என்றார் டாக்டரம்மா. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த அறையில் நானும்தானே இருந்தேன்.

கொஞ்ச நாளாக மைனா சிகரெட்டைத் தொடவில்லை. நெட்டை வீட்டுக்கும் போவதில்லை, நெட்டைதான் இங்கே வருகிறாள். மைனா பேனா மூடியைக் கடித்துத் துப்புகிறாள், உட்கார முடியாமல் நடந்துகொண்டே படிக்கிறாள். எப்படியோ சமாளித்துவிடுவாள் என்றிருந்தேன்.

நீங்கள் லீவில் வரப்போவதை நேற்றுச் சொன்னேன். முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நிமிஷம் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்பா இருக்கற வரைக்கும் சித்தி வீட்ல இருந்துக்கறேம்மா." அப்பா மேல் கோபமா என்று கேட்டேன். "கோவமெல்லாம் இல்லம்மா. அவர் பக்கத்துல போய் உக்காந்துடுவேன். அதான் பயமா இருக்கு."

பை கதவோரம் நிற்கிறது. அதைப் பிரித்துத் துணியை எடுத்து வைக்கவும் எனக்குக் கை வரவில்லை, தூக்கிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. நாள் முழுக்க அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தப் புகை ஒன்றுதான் துணை என்று தெரியும். அதனால் இன்னதை விடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் வந்து இறங்கும்போது அவளையும் அழைத்துக்கொண்டு வரட்டுமா, நான் மட்டும் வரட்டுமா? அதற்கு ஒரு வரி பதில் போட்டால் போதும்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மைனாவின் அம்மா