வளைவில் அடைத்திருந்தது

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் இங்கே பொழுது போகிறது. நாங்களும் நலம் என்று எழுத ஆசைதான், இந்தத் தடவை பாதி நலம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பாத்ரூமைப் புதுசாக்கும் வேலை போன வாரம் ஆரம்பித்தது, அப்பாவுக்குக் கால் வீங்கிப்போய்த் தாழ்வான கமோடில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, அதனால் உயரமானது வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். வந்த பிளம்பர் குழாயைவிடத் தன் வாயைத்தான் அதிகம் திறக்கிறவர், ஃப்ளஷ் டேங்கிலிருந்து வால்வு வரைக்கும் எல்லாம் பழசு, மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய கமோடைப் பெயர்த்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது, என்னைக் கூப்பிட்டு உள்ளே கையைக் காட்டினார். கொஞ்ச மாதமாகத் தண்ணீர் சரியாக இறங்காமல் மேலே ஏறி வந்ததே, அதற்குக் காரணம் கமோடின் வளைவில் அடைத்திருந்த மாத்திரை அட்டைத் துண்டுகள். தினமும் நான் அட்டையிலிருந்து கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி அப்பா கையில் கொடுப்பேனே, அதே துண்டுகள், பலவற்றில் மாத்திரை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எல்லாம் இதயத்துக்காக, உடம்பில் தேங்கும் நீரை இறக்குவதற்குக் கொடுத்த மாத்திரை.

கோபத்தோடு அப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது, எழுந்து போறதுக்குள்ள துணி நனைஞ்சிடுது, அதையும் நீ துவைக்கணுமா" என்றார். போனில் நீ அப்பா கால் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டபோது ரொம்ப நேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால் என்று சொன்னது நான்தான், அது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போனோம், இதயம் முன்னைவிடத் தளர்ந்திருக்கிறது, மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றார். மாத்திரையைக் காலையில் மட்டும் போடும்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார், இப்போது அப்பா என் கண் முன்னால் விழுங்குகிறார், சண்டை போடாமல் விழுங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று கமோடு பக்கத்துச் சுவரில் பிடித்து எழுவதற்குக் கைப்பிடி வைக்கும்போது எவ்வளவு உயரத்தில் என்று பிளம்பர் கேட்டார், அப்பா பிடித்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கீழே வை, இனிமேல் குனியத்தானே போகிறேன் என்றார். பிளம்பர் பென்சில் கோட்டை அழித்துவிட்டுக் கீழே வேறு கோடு போட்டார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

உனக்கு எழுதக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை, வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம். பேசும்போது மாத்திரை பற்றி வாயைத் திறக்காதே, புது பாத்ரூம் எப்படியிருக்கிறது என்று மட்டும் கேள், சொல்ல அவருக்கு நிறைய இருக்கும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். அடுத்த வருடம் வருகிறேன் என்றாயே, அதை இந்த வருடமாக்கிக்கொள் கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா